என் இரத்தம் ஏற்காத நெல்

வெயில் தாழ்ந்து, வாடைக்கும் சோழகத்துக்கும் நடுவிலே வழி தெரியாத ஒரு காற்று இந்தப் பள்ளி மைதானத்துக்குள் புகுந்து விளையாடும் மாலை வேளையிலே, இராஜாக்கமங்கலம் கடலோர உழவர் நலச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, எனக்கு முன்னே பேசிய நால்வரையும் மணியடித்து நிறுத்தப் பார்த்து, நால்வரிடமும் தோற்று, ஐந்தாவதாக வந்த இந்தப் பெண்பிள்ளையையாவது அடக்கிவிடலாம் என்ற அசையாத நம்பிக்கையோடு அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் சுந்தர்சிங் ஐயா அவர்களே!

மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே! மண்ணை நம்பி மாரியை நோக்கும் உழவர் பெருமக்களே! வலையை நம்பி வாரியை நோக்கும் கடலோடிப் பெருமக்களே! சோறு வடித்து வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, இன்னும் உலையே வைக்காமல் வந்திருக்கும் துணிச்சல் மிக்க தாய்மார்களே! பின்வரிசையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, வகுப்பிலே பேசியது போதாதென்று டீச்சர் இங்கேயும் வந்துவிட்டாரே என்று நொந்துகொண்டிருக்கும் என் பழைய மாணவச் செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன்.

என் பெயர் கிரேசி. உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பிறந்தது கடற்கரை, வாழ்க்கைப்பட்டது வயற்கரை. இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, 'மரபணு மாற்றிய பயிர்களின் உணவுப் பாதுகாப்பு மதிப்பீடு'. நோட்டீசில் இதைப் படித்துவிட்டு என் கணவர் ஜான்ரோஸ் சொன்னார்: "தலைப்பைச் சொல்லி முடிக்கதுக்குள்ள ஆளுவ எழும்பிப் போயிருவாங்க பிள்ளே." யாரும் போகவில்லை. நன்றி.

தமிழ் டீச்சருக்கும் மரபணுவுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் அந்த மதிப்பீட்டைப் படித்தவள் அல்ல. பாடமாக நடத்தியவளும் அல்ல. அந்த மதிப்பீட்டுக்குள்ளே என் இரத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் வயல், ஆறு கடலில் கலக்கும் பொழிமுகத்தை ஒட்டியது. இரண்டு ஏக்கர். கன்னிப்பூ ஒரு விளைச்சல், கும்பப்பூ ஒரு விளைச்சல் என்று கொடுத்துக் கொடுத்துக் கை சிவந்த மண். ஓகிப் புயல் வந்தது. வாய்க்கால் வழியே உப்பு நீர் ஏறியது. ஏறிய நீர் இறங்கியது. ஏறிய உப்பு இறங்கியதா? இல்லை! ஜிப்சம் போட்டோம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். மழை நீரைத் தேக்கித் தேக்கி வடித்தோம். நட்ட பதினைந்தாம் நாள் நாற்றின் நுனி கருகும். மாதம் ஒன்று ஆகும்போது வயல் வெறும் வயலாகக் கிடக்கும்.

ஆனாலும் என் கணவர் தினமும் காலையில் வயலுக்குப் போவார். விளையாத வயலில் என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. வரப்பில் நிற்பார், வருவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "எதுக்குத்தான் தினமும் போறிய?"

அவர் சொன்னார்: "போகல்லன்னா அது நம்ம வயல் இல்லன்னு ஆயிருமே கிரேசி."

ஏங்கியிருக்கிறீர்களா, தாய்மார்களே? நாங்கள் ஏங்கினோம்! அடுத்த வீட்டு வயலில் அறுவடை இயந்திரம் இரைகிறபோது ஏங்கினோம். கடையில் அரிசிச் சாக்கைத் தோளில் ஏற்றுகிறபோது, நெல் விளைந்த வீட்டுக்கு அரிசி வாங்கிப் போகிறோமே என்று ஏங்கினோம். அந்த ஏக்கத்தின் வாசலில்தான் ஒருநாள் முனைவர் ஷாஹினாஸ் வந்து நின்றார்.

அதோ, மேடைக்குக் கீழே முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். கோட்டாற்றுப் பெண். வெகுதூரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. உப்பைத் தாங்கும் ஒரு நெல்லை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். எங்களைப் போல் உப்பேறிய வயல்காரர்கள் இருபது பேரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். வலை அடித்த கூடாரம். உள்ளே தொட்டி தொட்டியாகத் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீரிலே, ஐயா, பச்சைப் பசேலென்று நெல் நின்றது! முழங்காலுக்கு மேலே, மூச்சு முட்ட, அப்படி ஒரு பச்சை!

என் கணவர் குந்தி உட்கார்ந்தார். தொடப்போனார். "தொடப்பிடாது அண்ணா, விதி இருக்கு" என்றார் ஷாஹினாஸ். கையை இழுத்துக்கொண்டு அவர் கேட்டார்: "மணக்கலாமா?" மணக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. குனிந்து அந்த நெற்பயிரின் வாசனையை இழுத்தார் பாருங்கள், மற்ற எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். ஒருவரை ஒருவர் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

சரி, உப்பைத் தாங்கும் வல்லமை நெல்லுக்கு எங்கிருந்து வந்தது? உப்பளத்துத் தண்ணீரிலே இறாலுக்குத் தூரத்துச் சொந்தமாக ஒரு குட்டி உயிர் வாழ்கிறதாம். உப்பிலே பிறந்து உப்பிலே வளர்ந்து உப்பிலே பெருகும் உயிர். அதன் ஒரு மரபணுவை எடுத்து நெல்லுக்குள் வைத்திருந்தார்கள். அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதம் உப்பிலிருந்து பயிரைக் காக்கும்.

காக்கட்டும், நல்லதுதானே? பயிரைக் காக்கும் புரதம், அந்தப் பயிரைத் தின்பவனையும் காக்குமா? இதுதானே கேள்வி! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது சோறு வெந்ததா என்று பார்க்க. யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பார்க்க ஒரு சோறு போதுமா? ஒருக்காலும் போதாது!

ஆகவே பல வாசல்கள் வைத்துப் பார்க்கிறார்கள். மாற்றிய அரிசியையும் மாற்றாத தாய் அரிசியையும் பக்கத்தில் வைத்து, மாவு எவ்வளவு, சத்து எவ்வளவு, கூடியது என்ன, குறைந்தது என்ன என்று அளக்கிறார்கள். வயிற்றில் சுரக்கும் அமிலத்தைப் போலவே ஒன்றைக் குடுவையில் செய்து, அந்தப் புதிய புரதம் அதில் கரைகிறதா, கரையாமல் முரண்டு பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். எலிகளுக்கு மாதக்கணக்கில் ஊட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வாமை உண்டாக்கும் புரதங்களுக்கு என்று ஒரு பெரும் பட்டியல் உண்டு, அதோடு ஒப்பிடுகிறார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். ஓர் இடத்தில், இறாலில் இருக்கும் ஒரு புரதத்தின் சாயல் தெரிந்தது. அண்ணன் தம்பிச் சாயல் இல்லை. ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் சாயல். ஆனாலும் சாயல் சாயல்தானே?

சாயல் தெரிந்தால் அடுத்த வாசல் என்ன? இறால் ஒவ்வாத மனிதர்களின் இரத்தம் வேண்டும். யாருக்கும் அந்த அரிசியை ஊட்டமாட்டார்கள், பயப்படாதீர்கள். இரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து அந்தப் புரதத்தோடு சேர்ப்பார்கள். இரத்தம் அதை எதிரி என்று எண்ணிப் பிடித்துக்கொண்டால் ஆபத்து. வெளியூர்களில் எட்டுப் பேர் கிடைத்தார்கள். எட்டுப் பேரின் இரத்தமும் பேசாமல் இருந்தது. எட்டுப் பேர் போதாது. அந்த அரிசியை முதலில் உண்ணப்போகும் கரையிலிருந்தே ஆள் வேண்டும் என்று ஷாஹினாஸ் இங்கே வந்தார்.

வந்த இடத்தில்தான் நாம் நம்முடைய கைங்கரியத்தைக் காட்டினோம்! ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்திருக்கிறது. அடுத்த மாதம் கல்யாணமாகப் போகும் மூன்று சோடிகளின் பெயரை வாசித்து முடித்த கையோடு, நம்முடைய எபிசன் அண்ணன், பங்குப் பேரவை உறுப்பினர், நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான், கோயில் முற்றத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தார்: "உங்களிலே இறால் தின்னா சொறி, வீக்கம், மூச்சுமுட்டு வருதவங்க யாரு உண்டோ, கொஞ்சம் கை தூக்குங்க!"

சிரிக்கிறீர்கள். எபிசன் அண்ணனும் சிரிக்கிறார். அன்று யாரும் சிரிக்கவில்லை. அறுநூறு பேர் இருந்த முற்றத்தில் ஒரு கை, ஒரே ஒரு கைகூட, மேலே எழவில்லை. கடற்கரை ஊரிலே, மாப்பிள்ளை பார்க்கும் தாய்மார் கூடிய கூட்டத்திலே, மகளுக்கு வரன் தேடும் தகப்பன்மார் நடுவிலே, எந்தப் பெண் கை தூக்குவாள்? கடல் சோறு போடும் வீட்டில் பிறந்து, கடல் எனக்கு ஆகாது என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? 'இந்தக் கரையில் இறால் ஒவ்வாதவர் எவரும் இல்லை' என்று குறித்துக்கொண்டு ஷாஹினாஸ் புறப்பட்டார்.

அந்த அறுநூறு பேரில் நானும் நின்றேன், ஐயா. முக்காட்டின் நுனியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பத்து வயதில் ஒரு துண்டு இறால். உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு நின்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தேன். கண் விழித்ததும் என் அம்மை காதில் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஏட்டி, இதை ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாது. கடப்புறத்துப் பிள்ளைக்கு இறால் ஆகாதுன்னா எவன் கெட்டுவான்?"

சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது சொல்லவில்லை. வாழ்க்கைப்பட்ட வீட்டில் என் மாமி ஜெபமணிக்கு, மருமகள் கடப்புறத்துக்காரி, இறால் தீயல் வைத்தால் ஊர் மணக்கும் என்று ஒரு பெருமை. வைத்தேன்! பதினெட்டு ஆண்டுகள் வைத்தேன்! மூக்கைச் சேலை நுனியால் கட்டிக்கொண்டு, ஆவி முகத்தில் படாமல் தலையைத் திருப்பிக்கொண்டு வைத்தேன். உப்பும் புளியும் பார்த்துச் சொல்வது என் கணவர். அவருக்கு மட்டும் தெரியும். வந்தவரெல்லாம் கைப்பக்குவத்தைப் புகழ்வார்கள். புகழ்கிற வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆசை! இன்றைக்கும் ஆசை! வறுத்த தேங்காயும் கொத்தமல்லியும் அரைத்துக் கொதிக்கிற அந்தத் தீயலில் ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு, ஒருநாளாவது பயமில்லாமல் தின்றுவிட்டுச் செத்தால் போதும் என்று இருக்கும்.

ஆனால் அன்று முற்றத்தில் நான் கை தூக்காததற்கு வெட்கம் மட்டுமா காரணம்? இல்லை. இந்த மேடையில் பொய் சொல்லமாட்டேன். எனக்கு அந்த நெல் வேண்டும்! எட்டுப் பேரின் இரத்தம் சும்மா இருக்கிறதே, ஒன்பதாவது இரத்தம் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? நான் பேசாமல் இருந்தால் நெல் வரும். நெல் வந்தால் வயல் எழும்பும். வயல் எழும்பினால் என் வீட்டுக்காரர் வரப்பில் வேலையோடு நிற்பார். இப்படிக் கணக்குப் போட்டு ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் பள்ளியில் எனக்கு மதிய உணவுப் பொறுப்பு. நானூறு தட்டு. நானூறு தட்டிலும் சோறு. சத்துணவுச் சோற்றின் ஆவி முகத்தில் அடிக்கிறபோது எனக்கு ஒன்று உறைத்தது. இறால் தட்டில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும், ஓரமாக ஒதுக்கிவிடலாம். முப்பது ஆண்டுகளாக அப்படித்தானே பிழைத்திருக்கிறேன்? அது சோற்றுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டால் எதை ஒதுக்குவது? இறாலை ஒதுக்கலாம், சோற்றை ஒதுக்கிவிட்டு இந்த நாட்டில் ஒரு பிள்ளை என்னத்தைத் தின்னும்? அந்த வரிசையிலே, தாய் சொல் கேட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் இன்னொரு பத்து வயது கிரேசி இருந்தால்?

கை கழுவிவிட்டு நேரே போய்ப் போனை எடுத்தேன். "டாக்டர், கோயில் முற்றத்துல நான் கை தூக்கல்ல" என்றேன். ஷாஹினாஸ் சொன்னார்: "ஊருக்குள்ள முப்பது பேருக்கு எனக்க நம்பரைக் கொடுத்தேன் டீச்சர். நீங்க ஒருத்தர்தான் விளிச்சிருக்கீங்க."

இரத்தம் கொடுக்க நாகர்கோவிலுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது என் கணவர்தான். வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் இருக்கப்பிடாதுன்னு வேண்டிக்கிட்டியா?" வேண்டிக்கொண்டேன் என்றேன். உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்! ஊசி இறங்குகிறபோது என் இரத்தத்திடமே கெஞ்சினேன். பேசாதே, என் கண்ணே, இந்த ஒரு தடவை பேசாமல் இருந்துவிடு என்று கெஞ்சினேன்.

அது பேசிவிட்டது.

ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தார்களாம். மூன்று தடவையும் என் இரத்தம் அந்தப் புரதத்தைப் பாய்ந்து பிடித்திருக்கிறது. அதன்பிறகு வேறு கரைகளில் தேடிப் பிடித்து எடுத்ததில் இன்னும் இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. அந்த நெல் கைவிடப்பட்டது. ஷாஹினாஸ் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். ஊற்றிக் கொடுத்த தேயிலைத் தண்ணீரைத் தொடவில்லை. தொட்டியில் நின்ற பயிரையெல்லாம் விதிப்படி எரித்துவிட்டோம் என்றார். என் கணவர் ஒன்றுதான் கேட்டார்.

"கதிர் வந்திருந்துதா?"

"வந்திருந்துது அண்ணா" என்றார் ஷாஹினாஸ்.

என் கணவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மாமி வெளியே வந்தார். நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மக்கா, பதினெட்டு வருசமா எனக்கு வெச்சுத் தந்துட்டு, நீ ஒரு நாளும் வாயில வைக்கல்லியா?" என்று என் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? நான் என்ன அவ்வளவு கெட்டவளாட்டி?" என்று திட்டினார். அழுகையைவிடத் திட்டுதான் அதிக நேரம் நடந்தது.

ஊர் என்ன சொன்னது? "டீச்சருக்க ரத்தம் இருபது வீட்டு வயலைக் கெடுத்துப் போட்டுது" என்றது. இந்தக் கூட்டத்திலும் இரண்டு பேர் அதைச் சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையைக் குனியாதீர்கள் அண்ணன்மாரே, உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் இழந்ததை நானும் இழந்தேன்.

வேறு சிலர் வந்து கையைக் குலுக்கினார்கள். "பாத்தியளா டீச்சர், மரபணு மாத்தினதெல்லாம் விஷம்னு நீங்க நிரூபிச்சாச்சு" என்றார்கள். நான் எங்கே நிரூபித்தேன்? ஒரு நெல்லில், ஒரு புரதம், எங்களில் சிலருக்கு ஆபத்தாகலாம் என்று தெரிந்தது. அவ்வளவுதான்! எல்லாம் விஷம் என்பதும் பார்க்காமல் பேசுவது. எல்லாம் அமிர்தம் என்பதும் பார்க்காமல் பேசுவது. ஒவ்வொன்றையும் அதனதன் முகம் பார்த்துத்தான் சொல்ல முடியும். இயற்கை கொடுத்ததெல்லாம் நல்லது என்று சொல்கிறவர் யாராவது இருந்தால், நம்முடைய மரச்சீனியை, அந்த மரவள்ளிக் கிழங்கைக் கேட்டுப் பார்க்கட்டும்! கட்டுள்ள கசப்புக் கிழங்கை வேகவைத்த தண்ணீரை நாம் ஏன் கொட்டுகிறோம்? அதில் நஞ்சு உண்டு. அதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் யார்? எந்த எலியும் இல்லை, எந்தக் குடுவையும் இல்லை. யாரோ ஒரு தாய் ஊட்டி, யாரோ ஒரு பிள்ளை சுருண்டு விழுந்துதானே அது தெரிந்திருக்கும்? அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்றுகூட நமக்குத் தெரியாது. பிள்ளை விழுந்த பிறகு தெரிந்துகொள்வதா, பிள்ளை தின்பதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வதா? எது வேண்டும் உங்களுக்கு? சொல்லுங்கள்!

முன்னாலே! அப்படிச் சொல்லுங்கள், தாய்மார்களே!

அப்படியென்றால் கேளுங்கள். ஷாஹினாஸும் அவர் தோழர்களும் சும்மா இருக்கவில்லை. கடலோர உவர்ச் சதுப்பில் வளரும் ஒரு புல்லிலிருந்து வேறொரு மரபணுவை எடுத்து, வேறொரு நெல்லைச் செய்திருக்கிறார்கள். அதுவும் உப்பில் நிற்கிறதாம். அதற்கும் முதலிலிருந்து எல்லாச் சோதனையும் நடக்க வேண்டும். அதிலே இறால் இல்லை என்றாலும் இறால் ஒவ்வாதவர், மீன் ஒவ்வாதவர், நிலக்கடலை ஒவ்வாதவர், புல்லின் மகரந்தம் பட்டாலே தும்முகிறவர் என்று எல்லா வகை மனிதரையும் இந்தக் கரையில் பதிந்து வைக்க விரும்புகிறார்கள். யாருடைய இரத்தம் எதற்குத் தேவைப்படும் என்று இப்போதே சொல்ல முடியாதாம்.

நான் கை தூக்கச் சொல்லமாட்டேன். எபிசன் அண்ணன் கையில் மைக்கைக் கொடுக்கவும் மாட்டேன். கூட்டம் கலைகிறபோது எட்டாம் வகுப்பு அறையில் ஷாஹினாஸ் இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகப் பேசலாம். பெயர் வெளியே வராது. மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். வரன் தேடுகிற மகள் என்றால் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாவது வாருங்கள். நாம் மறைத்தது போதும்! நாம் மறைக்க மறைக்க, ஆபத்தில்லை ஆபத்தில்லை என்று மதிப்பீட்டுக் காகிதம் சொல்லும். காகிதத்தின்மேல் பழி போட முடியுமா? அதில் எழுதாமல் விட்டது நாமல்லவா?

என்ன அங்கே சலசலப்பு? யார் எழும்புகிறது? யேசுதாசன் அண்ணனா? ஐயா, மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டு யேசுதாசன் அண்ணன் எழும்பி நிற்கிறார். உட்காருங்கள் அண்ணா, அறையில்தான் சொல்ல வேண்டும், இங்கே வேண்டாம்... என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், காற்று அடித்துக்கொண்டு போகிறது.

கேட்டீர்களா? பின்னாலே இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். "எனக்கு எழுபது வயசாவப் போவுது, இனி எனக்கு எவ பொண்ணு தரப்போறா, இங்கனயே எழுதிக்கிடுங்க" என்கிறார். நாற்பது ஆண்டாக இறால் பிடிக்கிறாராம். ஒரு நாளும் தின்றதில்லையாம். வள்ளத்தில் கூடப் போகிறவர்களுக்கும் தெரியாதாம்! அண்ணி பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணிக்கும் தெரியாது போலிருக்கிறது!

கைதட்டுங்கள்! எனக்கல்ல, அண்ணனுக்கு! இருங்கள், தோவாளைப் பூ வாங்கி வந்து விற்கும் அந்த அக்காளும் எழும்புகிறார். அக்கா, வேண்டாம், அறையில் சொல்லலாம்... சரி, உங்கள் விருப்பம். இந்தப் பக்கம் ஒரு கை. அங்கே இன்னொரு கை. அம்மாடி, அந்தத் தாய் தன் மகளின் கையைப் பிடித்து உயர்த்துகிறார். என்னால் இனி எண்ண முடியவில்லை, கண் மறைக்கிறது. ஷாஹினாஸ், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்!

இவ்வளவு பேரா இருந்தோம்? ஒரே முற்றத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒவ்வொருவரும் தனியாக நின்றிருக்கிறோமே!

எனக்கு இன்னும் உப்பில் நிற்கும் ஒரு நெல் வேண்டும். மறைக்கவில்லை, ஏங்குகிறேன். எங்கள் பொழிமுகத்து வயலிலே பச்சை எழும்ப வேண்டும். என் வீட்டுக்காரர் அதைத் தொட வேண்டும், யாரும் தடுக்கக் கூடாது. எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியாது. இந்த நெல்லும் தோற்கலாம், அதற்கடுத்ததும் தோற்கலாம். பதறாத காரியம் சிதறாது, காத்திருப்போம். ஆனால் எல்லா வாசலையும் தாண்டி ஒரு நெல் வந்து நிற்கும் நாளிலே, அதன் முதல் பிடிச் சோற்றை இந்த ஊர் எனக்குத் தர வேண்டும். நான் தின்பேன். தின்றுவிட்டு உங்கள் முன்னால் நின்று நன்றாக மூச்சு விடுவேன். அதற்குப் பிறகு உங்கள் பிள்ளைகளுக்குப் போடுங்கள்.

பேச இடம் தந்த சங்கத்துக்கும், மணியை மறந்துபோன தலைவருக்கும், கேட்டிருந்த உங்களுக்கும், உயர்ந்த ஒவ்வொரு கைக்கும் என் நன்றியும் வணக்கமும்.